வில்லுப்பாட்டு: வில்லும் மணியும்

வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டு ஊர்த்தெய்வக் கோயில்களின் கொடை விழாவுக்குரிய கதைப்பாட்டு. வேட்டைக்குப் போன அரசன் ஒருவன் களைப்பாறும்போது, மணி கட்டிய தன் வில்லைத் தட்டிப் பாடியதால் இப்பெயர் வந்தது என்று மேடைதோறும் சொல்லிவருகிறார்கள். இதற்குச் சொல்லும் இடம்தரவில்லை, கருவியும் இடம்தரவில்லை.

புலவர் வழக்கில் வில்லின் லகரம் வல்லினத்தின் முன் றகரமாகத் திரியும்: விற்கொடி, விற்படை, விற்போர். அரண்மனையில் பிறந்த பெயராயின் ‘விற்பாட்டு’ என்றே வந்திருக்கும். கல்லு, பல்லு, நெல்லு என்று உகரம் ஏற்றிப் பேசும் ஊரார் வாயில் பிறந்தது வில்லுப்பாட்டு. வில்லடி, வில்லடிச்சான்பாட்டு என்ற பெயர்களும் அவர்களுடையவையே. பெரும்பாணாற்றுப்படையின் வில்யாழை இதற்கு மூலமாகக் காட்டுவோர் இந்த ‘அடி’யைக் கவனிக்கவில்லை. அது இடையன் குமிழங்கொம்பில் மரல்நார் கட்டி விரலால் இசைத்த யாழ். அதில் குடமும் இல்லை, மணியும் இல்லை.

வில்லடிக் கருவியோ பனை வைரத்தில் 10 அடி அளவில் செய்தது. வைக்கோல் பிரிமணைமேல் இருத்திய மண்குடத்தோடு அதைச் சேர்த்துக் கட்டுவர். குடத்தின் வாயில் கமுகம்பாளைத் தட்டு விழும். உடுக்கும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும். வீசுகோல் நாணில் பட்டதும் வில்லில் வரிசையாகத் தொங்கும் மணிகள் அத்தனையும் ஒருசேரக் குலுங்கும். நா கழன்ற மணி வெறும் கிண்ணம்தான். பழைய வில்லைப் புதுக்குவோர் நாணை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு மணியின் நாவையும் பார்த்தாக வேண்டும்.

மணிக்கு நா உண்டென்பது பழைய வழக்கு. தேனுண்ணும் வண்டுகள் கலங்குமென்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்த தலைவனை அகநானூற்று 4ஆம் பாட்டு காட்டும். வண்டுக்கே அப்படியென்றால், மானைத் தேடிப் போகிறவன் வில்லில் மணி கட்டுவானா? கிண்கிணியின் பிளந்த வாயைத் தவளை வாயோடு ஒப்பிடுகிறது குறுந்தொகை 148. திருப்புகழின் சதங்கையே பேச்சில் சலங்கை. இவற்றில் எதுவும் வேட்டைக் கருவியில் தொங்கியதன்று.

வில்லின் மணிக்கு உறவு வேறிடத்தில் இருக்கிறது. சுடலைமாடன் கொடையில் சாமியாடி இடுப்பில் கட்டும் சல்லடத்தில் மணி உண்டு. கையில் பிடிக்கும் வல்லயத்திலும் உண்டு. கதை முறுகி அருள் ஏறும் நேரத்தில் வில்மணியும் சல்லட மணியும் ஒரே களத்தில் ஒலிக்கின்றன. தெய்வத்தை அழைக்கும் மணியே வில்லில் ஏறியது. வேட்டைக்காரன் கட்டிய மணி அன்று.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இக்கலையைக் கோயில் களத்துக்கு வெளியே பலரும் அறியச் செய்தார். அவரோடு பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் (1928–2022) சென்னை மேடையிலும் வானொலியிலும் அதை நிலைநிறுத்தினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். ‘வில்லிசை’ என்ற சொல் பரவியது இந்த மேடைகளால். இலக்கணத்தில் அது குற்றமற்ற சொல்தான். ஆனாலும் கொடைக்களத்தில் பிறந்த கலைக்கு வில்லுப்பாட்டே உரிய பெயர்.