குடமும் ஓலையும்: பிரம்மதேயச் சபைகள் விதியை மாற்றிய விதம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், பாடலீசுவரர், பிரம்மபுரீசுவரர் என்னும் இரு சோழர் காலக் கோயில்களைக் கொண்ட பிரம்மதேசம், அந்தணர்க்கு அரசர் கொடையாக அளித்த ஊராகிய பிரம்மதேயத்தின் நினைவைப் பெயரில் தாங்கி நிற்கிறது. இத்தகைய ஊர்களை ஆண்டது, நிலவுடைமை பெற்ற அந்தணர் கூடிய சபை. அதன் அன்றாட வேலைகளைக் கவனித்தவை வாரியங்கள் எனப்பட்ட குழுக்கள். அச்சபைகளின் பொறுப்பு சிறிதன்று. அண்டை ஊரான எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் உணவும் ஊதியமும் வகுத்து நடந்த கல்லூரியைக் கல்வெட்டு விவரிக்கிறது. இவ்வளவு பொருள் புழங்கிய அமைப்பில் யார் வாரியத்தில் அமர்வது என்னும் கேள்வி எப்போதும் கூர்மையாகவே இருந்திருக்கும்.

அக்கேள்விக்கு ஒரு சபை விடை கண்ட விதத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், அரச அலுவலர் முன்னிலையில் சபை ஒரு தீர்மானம் இயற்றியது. அதைத் திருத்தி 921இல் மற்றொன்றை இயற்றியது. முன்னதில் 30 முதல் 60 வரை என்றிருந்த உறுப்பினர் வயது, பின்னதில் 35 முதல் 70 வரை என்றாயிற்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை. பதவியைப் பிடித்தவர் விடாதிருந்த வழக்கத்தை உடைப்பதே இவற்றின் நோக்கம் என்பதை ஊகிக்கக் கல்வெட்டு வாசகமே போதும்.

விதியைச் சுவரில் பொறித்ததோடு சபை நிற்கவில்லை. இரண்டாம் தீர்மானம் தேர்தல் நாளின் ஒவ்வொரு அசைவையும் வகுத்தது. முப்பது குடும்புகளிலும், அதாவது ஊரின் பிரிவுகளிலும், தகுதியுடையோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறியோரும் பெரியோரும் உட்பட மகாசபை கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து, மேல்நோக்கியவாறு, எல்லோரும் காணக் குடத்தை எடுத்துக் காட்ட, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான்; அது வேறு குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்பட்டபின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம், அதாவது சபையின் நடுவராகவும் எழுத்தராகவும் இருந்தவனிடம், கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

விரித்த உள்ளங்கையைக் கட்டளையாக எழுதிவைத்த இடத்தில்தான் இத்தீர்மானத்தின் நுட்பம் இருக்கிறது. மடக்கிய கைக்குள் ஓலை மாறிவிடும் என்று ஊரார் அஞ்சாமல் அவ்வாறு எழுதியிருக்க முடியாது. இறைவன் சந்நிதி, நம்பிமாரின் சாட்சி, சிறுவனின் அறியாமை ஆகியவை சேர்ந்து, பதவி இழந்தவனுக்கும் முறையிட ஆளில்லாமல் செய்தன. இவ்வாறு தேர்ந்தோர் ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பிரிந்து 360 நாள் பணியாற்றினர்.

எனினும், இம்முறையை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைதோறும் புகழ்வது மிகை. ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆனாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவர்க்கு மட்டும் விலக்கு உண்டு. அந்நிலங்களை உழுதவர் பெயர் அக்குடத்தில் விழ வழியே இருக்கவில்லை.