சிறந்த செவிலியர் பணியும் மருத்துவமனைப் பணிச்சூழலும்

உள்நோயாளியின் அருகில் இரவும் பகலும் இருப்பவர்கள் செவிலியர்களே. அவர்களது பணியின் தரம் தனித்திறமையால் மட்டும் அமைவதன்று. ஐயத்தைத் தயங்காமல் கேட்கவும், தவற்றை மறைக்காமல் தெரிவிக்கவும் இடமளிக்கும் பணிச்சூழலும் அதற்குத் தேவை. 1983இல் அமெரிக்காவில் செவிலியர்கள் விலகாமல் நிலைத்துப் பணியாற்றிய 41 மருத்துவமனைகள் ஆராயப்பட்டன. செவிலியரின் கருத்துக்கு மதிப்பும், தேவையான ஆள்பலமும், நிர்வாகத்தின் ஆதரவும் அவற்றின் பொதுத்தன்மைகளாக இருந்தன.

நோயாளிக்குக் கிடைக்கும் பயன்

• பணி ஒப்படைப்பு: பணிநேரம் மாறும்போது நோயாளியின் நிலை, கொடுத்த மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றைப் படுக்கை அருகிலேயே கூறி ஒப்படைத்தால் தகவல் விடுபடுவது குறையும்.

• இருவர் சரிபார்த்தல்: இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளில் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. எனவே இவற்றை மற்றொரு செவிலியரும் சரிபார்ப்பது பாதுகாப்பானது. மூத்தவர் எடுத்த அளவையும் இளையவர் கேள்வி கேட்கலாம் என்ற நிலை இருந்தால்தான் இம்முறை பயன் தரும்.

• தவறுகளைத் தெரிவித்தல்: தெரிவித்தவரைத் தண்டிப்பதற்கு மாறாக, தவற்றின் காரணத்தைக் களைந்தால் அதே தவறு அடுத்த நோயாளிக்கு நேராமல் தடுக்கலாம்.

திருவண்ணாமலையில் கவனிக்க வேண்டியது

பௌர்ணமி நாள்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும், கார்த்திகை தீபத்தின்போது நகர் முழுவதிலும் பக்தர்கள் பெருமளவில் திரள்கின்றனர். அந்நாள்களில் அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த வரிசைப்படி அன்றி, நோயின் கடுமைப்படியே சிகிச்சை அளிக்கப்படும். பிறர் முன்னதாக அழைக்கப்பட்டால் அது பாரபட்சம் ஆகாது.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

• மருந்து கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் பெயர் கேட்கப்படலாம். சலிப்பின்றி முழுப்பெயரைக் கூறுங்கள்.

• மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் செவிலியரிடம் அவசரமற்ற கேள்விகளைச் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். கவனச்சிதறல் தவறுக்கு வழிவகுக்கும்.

• மாத்திரையின் நிறமோ எண்ணிக்கையோ மாறியிருந்தால், விழுங்கும் முன் கேளுங்கள். இது குறைகூறுதல் ஆகாது.

• மூச்சுத்திணறல், திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய உறக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவர் சுற்றுக்கு வரும்வரை காத்திராமல் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

• செவிலியரிடம் குரலை உயர்த்துவதோ மிரட்டுவதோ கூடாது. அச்சத்தோடு பணிபுரிபவர் ஐயத்தைக் கேட்கத் தயங்குவார். அதனால் பாதிக்கப்படுபவர் நோயாளியே.

குறைகள் இருப்பின் வார்டு பொறுப்புச் செவிலியரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ தெரிவிக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.