நொச்சி

நொச்சி, ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் தானாகவே வளரும் மணமுள்ள குறுமரம். தாவரவியல் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. துளசியும் புதினாவும் அடங்கிய லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும். மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெளுப்பு. பூ நீலம் கலந்த ஊதா. ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் உயிர்வேலிக்கு நடுவார்கள்; விளாரைக் கொண்டு கூடை முடைவார்கள். பழந்தமிழ்ப் போரில் மதில் காத்து நின்ற வீரர் சூடியதும் இந்தப் பூதான். அந்தப் போருக்கே நொச்சித்திணை என்று பெயர்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதன் முதல் வேலை கொசு விரட்டுவது. பொழுது சாயும் நேரத்தில் உடைந்த பானை ஓட்டில் தணலைப் போட்டு, மேலே பச்சை நொச்சித் தழையை வைத்து மூட்டம் போடுவார்கள். தழை காய்ந்திருந்தால் குப்பென்று எரிந்து தீர்ந்துவிடும். ஈரம் இருந்தால்தான் புகை நின்று கிளம்பும். மாட்டுத்தொழுவத்தில் இந்த வழக்கம் இன்னும் மறையவில்லை. வேப்பந்தழையும் கூடச் சேர்வதுண்டு.

விரட்டும் ஆற்றல் இலையிலுள்ள ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. சாபினீன், காரியோஃபிலீன் போன்ற சேர்மங்கள் அதில் உண்டு. இலையைக் கசக்கும்போதும் சூடாக்கும்போதும்தான் எண்ணெய் தாராளமாக வெளியேறும். பறிக்காமல் செடியிலேயே நிற்கும் இலை அதில் சிறிதளவையே காற்றில் விடும். கொசுவைத் தடுக்க நீர்வழிகளை ஒட்டிய வீடுகளுக்கு நொச்சிக் கன்று வழங்கும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டுவாக்கில் கையில் எடுத்தது. கன்று நட்டதில் தவறில்லை; வாசலில் நொச்சி நின்றாலே கொசு அண்டாது என்று நம்புவதுதான் மிகை. இலைச்சாறு கொசுப்புழுக்களைக் கொல்வதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் அவற்றில் பயன்பட்டது கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த செறிவான சாறு.

புகைக்கும் வரம்பு உண்டு. தணல் அணைந்து காற்று தெளிந்ததும் கொசு திரும்பிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இருட்டியபின் போடும் மூட்டம் அதனிடமிருந்து காப்பாற்றாது. அதற்குத் தொட்டியை மூடுவதும், தேங்கிய நீரைக் கொட்டுவதுமே வழி. ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் அறையில் எந்தத் தழைப்புகையும் ஆகாது.

தானியக் காப்பில் நொச்சியின் பயன் இதைவிட உறுதியானது என்று சொல்லலாம். மூடிய கலத்துக்குள் மணம் எளிதில் கலைந்துபோகாது. நிழலில் உலர்த்திய இலையை நெல், பயறு, கேழ்வரகு ஆகியவற்றுக்கு இடையே அடுக்கி வைப்பார்கள். வெயிலில் காயவைத்தால் எண்ணெய் பறந்துவிடும். ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தானியமும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அந்துப்பூச்சியும் பயறு வண்டும் வருவதைத் தள்ளிப்போட இது உதவும். ஆனால் வயலிலேயே பயற்றில் முட்டையாக ஏறிவிட்ட வண்டை இலை தடுக்காது. கலத்தில் போடும் முன் பயறைக் கடும் வெயிலில் காயவைத்துப் புடைக்க வேண்டும். மணம் குறைந்த இலையை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அடைக்கோழிக் கூடையில் முட்டைக்கு அடியில் நொச்சித் தழையைப் பரப்புவதும் உண்டு. இருபத்தொரு நாள் இடம் பெயராமல் உட்காரும் கோழியைச் செல் என்னும் கோழிப்பேன் பிடித்தால், அது பாதியிலேயே அடையை விட்டு எழுந்துவிடும்.