இல்லாத கை வலித்த வரலாறு

வெட்டி எடுத்த கால் இன்னும் வலிக்கிறது என்று நோயாளிகள் சொன்னதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோய்ஸ் பாரே எழுதிவைத்தார். ஆனால் மருத்துவம் அதைக் காது கொடுத்துக் கேட்க அமெரிக்க உள்நாட்டுப் போர் வர வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிட்செல், 1866இல் இதைத் தன் பெயர் போடாத ஒரு சிறுகதையாகத்தான் முதலில் வெளியிட்டார். ‘மாய உறுப்பு’ என்று பெயர் சூட்டிக் கட்டுரை எழுதியது 1871இல். மருத்துவர் கதைக்குள் ஒளிந்துகொண்டது தற்செயல் என்று தோன்றவில்லை.

வெட்டுப்பட்ட நரம்பு நுனியின் உறுத்தலே காரணம் என்று அப்போது நம்பினார்கள். அது பொய்யல்ல; அந்த நுனியில் நரம்புக்கட்டி திரள்வதுண்டு. ஆனால் அங்கே மரப்பு ஊசி போட்டும் சிலருக்கு வலி விடுவதில்லை. பிறவியிலேயே கை இல்லாத சிலரும் கையை உணர்கிறார்கள். ஆகவே மூளையை விட்டுவிட்டு இதற்கு விளக்கம் தேட முடியாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் இல்லாத கையின் இடத்தில் காட்டினார். நகம் பதிய இறுகிக் கிடந்ததாக உணரப்பட்ட விரல்கள் சிலருக்குத் தளர்ந்தன. மூளை தனக்குள் வைத்திருக்கும் உடலின் வரைபடத்தைத் திருத்திக்கொள்கிறது என்பது அவர் வாதம். இழந்த கைக்கான இடம் மூளையில் பெரும்பாலும் அழியாமலே இருப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டியதால் இதை மறுப்போர் உண்டு. மறுப்பு நியாயமானதே, ஆனாலும் அது மூளையின் பங்கை மறுப்பதாகாது. கண்ணாடிப் பயிற்சி எல்லாருக்கும் பலிப்பதில்லை. செலவு குறைவு என்பதால் இன்றும் பல மருத்துவமனைகளில் தொடர்கிறது.