தகவமை மேடை ஆய்வுகள்: நடைமுறைச் சிக்கல்களின் வரலாறு

ஒரே ஆய்வுச் சட்டகத்துக்குள் பல சிகிச்சைகளைச் சோதித்து, பயன் தராதவற்றை இடைநடுவில் கைவிட்டு, புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும் மருத்துவ ஆய்வு முறை தகவமை மேடை ஆய்வு எனப்படுகிறது. வழக்கமான ஆய்வு ஒரு கேள்விக்கு விடை கண்டதும் மூடப்படும். இதற்கு அப்படியொரு முடிவுநாள் இல்லை. வசதியும் தொல்லையும் அங்கிருந்தே வருகின்றன.

நல்ல பலன் தரும் சிகிச்சைக்குக் கூடுதல் நோயாளரை அனுப்பலாம் என்ற எண்ணம் டபிள்யூ. ஆர். தொம்சன் 1933இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அது நெடுங்காலம் பெரும்பாலும் தாளிலேயே கிடந்தது.

1985இல் வெளியான மிச்சிகன் ஆய்வில், மூச்சுத் திணறிய பச்சிளங் குழந்தைகளுக்கு, உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஒட்சிசன் ஏற்றும் எக்மோ இயந்திரம் இவ்வெண்ணத்தின்படி சோதிக்கப்பட்டது. 12 குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டுமே வழக்கமான சிகிச்சை கிடைத்தது, அது இறந்தது. எக்மோ பெற்ற 11 குழந்தைகளும் பிழைத்தன. ஒரேயொரு குழந்தையோடு ஒப்பிட்டதை ஆதாரமாகக் கொள்ளலாமா என்பதில் புள்ளியியலாளர் ஒத்துப்போகவில்லை.

பிரித்தானியாவில் 2005இல் தொடங்கிய புரொஸ்டேட் புற்றுநோய் ஆய்வான ஸ்டாம்பீட், இவ்வகையின் முன்னோடியாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. வரையறையைப் பொறுத்து வேறு பெயர்களும் சொல்லப்படுவதுண்டு.

2009இன் எச்1என்1 தொற்றின்போது ஆய்வுகளுக்கு அனுமதி பெற்று முடிப்பதற்குள் அலையே ஓய்ந்துவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நிமோனியா ஆய்வு ரீமாப்-காப், 2016இல் ஆட்சேர்ப்பைத் தொடங்கியது. பெருந்தொற்று வந்தால் உடனே அதன்பக்கம் திரும்பும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. 2020 மார்ச்சில் பிரித்தானியாவின் ரிக்கவரி என்னும் கொவிட் ஆய்வு, திட்டம் எழுதிய சில நாட்களிலேயே முதல் நோயாளரைச் சேர்த்தது. களைத்துப்போன விடுதி வைத்தியர் நிரப்பும் படிவம் மிகச் சுருக்கமாக இருக்கவேண்டும் என்பதில் அதன் அமைப்பாளர்கள் பிடிவாதமாக இருந்தனர். யூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் முடிவு வெளியானது: செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. மறுநாளே ரீமாப்-காப், அதே ஸ்டீரொயிட் வகையைச் சேர்ந்த தன் ஹைட்ரோகோர்ட்டிசோன் பிரிவை மூடியது. பக்கத்து ஆய்வின் விடை தன் கேள்வியைச் செல்லாததாக்குவது மேடை ஆய்வுகளின் நிரந்தரத் தலைவலி.

உலக சுகாதார நிறுவனத்தின் சொலிடாரிட்டி ஆய்வில் வேறு சிக்கல் இருந்தது. எந்த வைத்தியசாலையில் எந்த மருந்து கையிருப்பில் உண்டோ, அதற்கேற்பவே நோயாளர் பிரிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவும் மருந்துக்கு மருந்து மாறியது.

தெற்காசியாவில் புள்ளியியலைவிடத் தரவு திரட்டுவதே கடினமாக இருந்தது. இங்கே கொழும்பின் பங்கு குறிப்பிடத்தக்கது. தீவிர சிகிச்சை முறைமைகளையும் பயிற்சியையும் மேம்படுத்தும் வலையமைப்பான நிக்ஸ்ட், கொழும்பைத் தளமாகக் கொண்டது. அது இலங்கையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காக உருவாக்கிய பதிவேடு பின்னர் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் முதலிய நாடுகளுக்கும் சென்றது. ரீமாப்-காப் அந்நாடுகளில் நுழைந்தபோது, அன்றாடம் பதியப்படும் விவரங்களே ஆய்வுத் தரவாகவும் பயன்பட்டன. தாதியர் ஒரே விடயத்தை இருமுறை எழுதவேண்டிய வேலை மிச்சமானது.

அனுமதிக் கடதாசிகள் குறையவில்லை. இலங்கையில் சம்மதப் படிவம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் தேவைப்படும். ஒரு சிகிச்சைப் பிரிவு கூடினாலும் மூன்றையும் திருத்தி மீண்டும் அறநெறிக் குழுவுக்கு அனுப்பவேண்டும். நோயாளர் மயக்கத்தில் இருந்தால் வாசித்துக் கையெழுத்திடுபவர் உறவினர்தான்.

ரீமாப்-காப்பின் சிம்வாஸ்டாட்டின் பிரிவில் 13 நாடுகள் பங்கேற்றன. கொவிட் நோயாளர் குறைந்ததால் 2023 சனவரி 8இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. மருந்து பயனளிக்கும் நிகழ்தகவு அப்போது 95.9 சதவீதம்; திட்டம் கேட்டதோ 99. இதை மருந்தின் தோல்வி என்பதா, நேரம் போதாமை என்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

தகவமை ஆய்வுகளுக்கான சர்வதேச வழிகாட்டி ஈ20இன் வரைவு 2025இல் வெளியிடப்பட்டது.