ஹப்

ஆங்கிலத்தில் ‘ஹப்’ முதலில் வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையைக் குறித்த சொல். தமிழில் அதற்குக் குடம் என்று பெயர். ஆரக்கால்கள் எல்லாம் அதில்தான் செருகி நிற்கும். கணினி வலையமைப்பின் நட்சத்திர அமைப்பைக் காட்ட இதைவிட நல்ல உருவம் இல்லை.

நடுவில் ஒரு பெட்டி; அதுதான் ஹப். அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கேபிள். முன்பு ஒரே கோஆக்சியல் கேபிளில் கணினிகளை வரிசையாகக் கோத்தார்கள். அது எங்காவது அறுந்தால் மொத்த வலையமைப்பும் படுத்துவிடும். 1990-இல் 10பேஸ்-டி தரம் வந்தபின் நட்சத்திர அமைப்பு பரவியது. இதில் ஒரு கேபிளைப் பிடுங்கினால் பெட்டியில் அதற்குரிய சிறு விளக்கு மட்டும் அணையும்; மற்றவை மினுக்கிக்கொண்டே இருக்கும். நடுப்பெட்டி பழுதானால்தான் ஆபத்து, குடம் உடைந்த வண்டிபோல.

ஹப், வந்த செய்தியைக் கேபிள் செருகும் மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பிவிடும். இன்று அதன் இடத்தில் இருக்கும் சுவிட்ச், முகவரி பார்த்து உரிய போர்ட்டுக்கு அனுப்புகிறது.