கூலி கேட்டவர்களின் சரித்திரம்

சரித்திரம் என்றால் மன்னர் பிறந்ததும் மடிந்ததும், படைகள் வென்றதும் தோற்றதுமே என்று எண்ணுவோர் பலர். மூட்டை சுமந்தவனும், குப்பை அள்ளியவனும், பிறர் வீடு கூட்டிப் பிழைத்தவளும் அதில் இடம்பெறுவதில்லை. அவ்வாறு ஏட்டில் ஏறாதுபோன மக்களின் நூறாண்டு வாழ்வைப் பத்து நாடகங்களாக்கிச் சென்றவர் ஆகஸ்ட் வில்சன். அவர் பிறந்த ஊர் அமெரிக்காவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்.

அந்நகரின் 'ஹில்' என வழங்கும் குன்றுப் பகுதியில் 1945-ல் அவர் பிறந்தார். தந்தை ஜெர்மானிய ரொட்டிக்காரர். தாய் டெய்சி வில்சன், வீட்டு வேலை செய்து மக்களை வளர்த்த கறுப்பின மாது. அவருக்குப் பதினைந்து வயதானபோது, நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை அவருடைய சொந்த எழுத்தென நம்ப ஆசிரியர் மறுத்தார். மாணவர் பள்ளியைத் துறந்தார். கார்னெகி பொதுநூலகமே அதன்பின் அவருக்குப் பள்ளியாயிற்று. பிற்காலத்தில் தாயின் குடும்பப் பெயரையே தம் பெயராக ஏற்றார்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென்மாநிலங்களில் கடனும் கட்டாய வேலையும் கறுப்பின மக்களை விடாது பிணித்தன. பிழைப்பைத் தேடி இலட்சக்கணக்கானோர் வடக்கே ஆலை நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அப்படி வந்தவர்களும் அவர்தம் சந்ததியாருமே வில்சனின் பாத்திரங்கள். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகம் எழுதினார்; ஒன்று சிகாகோவிலும் மற்ற ஒன்பதும் பிட்ஸ்பர்க்கிலும் நிகழ்வன.

'ஃபென்சஸ்' என்னும் நாடகம் 1957-ல் தொடங்குகிறது. டிராய் மாக்ஸன் நகரசபையின் குப்பை வண்டித் தொழிலாளி. வெள்ளையர் வண்டி ஓட்ட, கறுப்பர் மட்டும் குப்பையைத் தூக்குவானேன் என்று மேலாளரையே கேட்கிறான். வேலை போய்விடும் என்று தோழன் அஞ்சுகிறான். ஆனால் கேட்டவனுக்கே ஓட்டுநர் வேலை கிடைக்கிறது. நீதியை வென்ற அதே டிராய் தன் வீட்டில் நீதிமானாக இல்லை. பேஸ்பால் ஆட்டத்தில் நிறவேற்றுமையால் தனக்குக் கதவு அடைபட்டதை மறவாதவன், காலம் மாறியதைக் காணாமல், கால்பந்தால் கல்லூரி சேரவிருந்த மகனின் வழியை மறிக்கிறான். பிறர் இழைத்த கொடுமையைச் சொல்லித் தம்மவர் குற்றத்தை மறைக்க வில்சன் இசையவில்லை. அவர் எழுத்து நம்பிக்கைக்குரியதானது அதனாற்றான்.

1969-ஐக் களமாகக் கொண்ட 'டூ டிரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்தில் ஹாம்போன் என்றொருவன் வருகிறான். வேலி ஒன்றுக்கு வர்ணம் பூசினால் பன்றித் தொடையிறைச்சி தருவதாகக் கடைக்காரன் சொன்னான். வேலை முடிந்ததும் கோழி ஒன்றை எடுத்துக்கொள் என்றான். ஹாம்போன் கோழியைத் தொடவில்லை. ஒன்பதரை ஆண்டுகள் நாள்தோறும் அக்கடை வாயிலில் நின்று தன் கூலியைக் கேட்டான். அது கிடைக்காமலே இறந்தான். பித்தன் என்று ஊர் நகைக்கலாம். ஆனால் குறைத்துக் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு வாய்மூடிப் போவதுதான் அறிவாகுமா என்று நாடகம் நம்மைக் கேட்கிறது.

அந்நாடகத்திலேயே மெம்ஃபிஸ் என்பவரின் உணவுக் கடையை இடிக்க நகரசபை முனைகிறது. இது வெறுங்கற்பனையன்று. 1950-களின் பிற்பாதியில் நகரச் சீரமைப்பு என்னும் பெயரால் குன்றின் கீழ்ப்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தனர். அவ்விடத்தில் எழுந்த பெரிய அரங்கம் 1961-ல் திறக்கப்பட்டது. மெம்ஃபிஸ் தம் விலையில் ஒரு காசும் குறைக்க இணங்காது வாதாடிக் கேட்டதினும் மிகுதியாகப் பெறுகிறார். ஹாம்போன் தனியே வாயிலில் நின்றான். மெம்ஃபிஸ் வழக்கறிஞருடன் நீதிமன்றம் ஏறினார். இருவர் கோரிக்கையும் நேர்மையானதே. வழியறிந்து கேட்டவருக்கே பலன் கைகூடிற்று.

1987-லும் 1990-லும் புலிட்சர் பரிசு பெற்ற வில்சன், பத்து நாடகங்களையும் முடித்தபின் 2005 அக்டோபர் 2-ந் தேதி மறைந்தார். அதே மாதம் நியூயார்க் பிராட்வேயில் ஒரு நாடக அரங்கம் அவர் பெயரைத் தாங்கிற்று. எனினும் அவரது மெய்யான நினைவுச்சின்னம் அக்கட்டிடமன்று. இடிக்கப்பட்ட தெருக்களின் மக்கள் இன்றும் மேடையேறித் தம் கூலியையும் மதிப்பையும் கேட்கிறார்கள். உழைப்பவன் தன் கதையைத் தானே எழுதாவிடில் அதை எழுதுவார் எவருமிலர் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.